‘இது நம்ம ரன்வே இல்ல’

திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில், ஜிஜாவின் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்து பேச்சுக்கொடுத்த மோகனன் செல்போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“ஒரு ஊர்ல எறங்க வேண்டிய விமானம், பத்து கிலோமீட்டர் தள்ளி வேற ஏர்போர்ட்ல எறங்கியாச்சாம்! இதெப்பிடி மக்கா நடக்கும்?”

ஜிஜா தயங்கினாள். “நான் அந்த விமானத்திலதான் இருந்தேன், மாமா.”

அவர் சிரிப்பு நின்றது. “அய்யோ! ஆருக்கும் ஒண்ணும் ஆகல்லியே?”

“இல்ல. ஒருவழியா பிரேக் பிடிச்சு நிறுத்தியாச்சு.”

“எறங்கும்போ உனக்கு ஒண்ணும் தோணல்லியா?”

“தோணிச்சு. ரன்வே சின்னதா இருந்துது. ‘இது நம்ம ரன்வே இல்ல’ன்னு பக்கத்தில இருந்தவரிட்ட சொன்னேன்.”

“அவரு?”

“‘இருபது வருசமா வந்துபோறேன், எனக்குத் தெரியாததா?’ன்னாரு. எனக்கே குழப்பமாயிட்டு. பெறவு மிண்டல்ல, வாயே தொறக்கல்ல.”

“அந்தாளு கெடக்கட்டு. எழும்பிப் போயி பைலட்டிட்ட சொல்லியிருக்கணும்!”

“அவருதான் பைலட்டு. நான் கோ-பைலட்டாக்கும்.”

மோகனன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“இன்னைக்கு மொத விசாரணை நடந்துது. ரெண்டுபேருமே கவனிக்கல்லன்னு சொல்லச் சொன்னாரு பைலட்டு. நான், கண்டு ஒருக்கா சொல்லீட்டு பெறவு மிண்டாம இருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாதாம். செஞ்சது சரிதானா மாமா?”

நெய்யாற்றின்கரை தாண்டியதும் மோகனன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இனி அப்படி ஒண்ணு வந்தா, ரெண்டாம் தடவையும் சொல்லுவல்லோ?”

“சொல்லுவேன்.”

“அப்போ நீ ஓட்டுற விமானத்தில நான் ஏறுவேன் மக்கா.”