பத்தாம் நம்பர் ஸ்பானர்

மூன்று மாதம் தயாரிப்பு கம்பெனியிடம் கத்திக் கத்தி வாங்கிய கூலன்ட் டேங்க். அது இல்லாமல் இன்ஜினும் ஓடாது, ஏசியும் ஓடாது. ஒழுகிய பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, நடிகரின் கேரவனில் அதை மாட்டிக்கொண்டிருந்தார் டிரைவர் மரியதாஸ். கடைசி போல்ட்டை முடுக்கும்போது உதவி இயக்குநர் ஓடிவந்தான். "அண்ணே, ஷாட்டுக்கு வேணும்" என்று கையிலிருந்த ஒரே பத்தாம் நம்பர் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். படத்தில் நடிகருக்கு மெக்கானிக் வேஷம். கன்னத்தில் மேக்கப்காரர் தீட்டிய கிரீஸ். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்றுகூடத் தெரியாமல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "உழைக்கிறவன் கைடா இது!" என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதே ஸ்பானரோடு கேரவனுக்கு வந்தவர் எரிந்து விழுந்தார். "ஏன்யா இன்னும் ஏசி போடல? ஒரு போல்ட்டு முடுக்க ஒரு நாளா?" பச்சை நிறக் கூலன்ட் சொட்டும் கையோடு மரியதாஸ் எழுந்து வழிவிட்டார். "ஸ்பானர் உங்க கைலதான் சார் இருக்கு. உழைக்கிற கையாச்சே, முடுக்குங்க."