ஒரு நிமிடம் பறந்த மரவிமானம்

ஏரிக்கரைக் கொட்டகையில் மலைபோல ஒரு மரவிமானம் நின்றிருந்தது. பல வருஷங்களுக்கு முன் சோதனைக்காக ஒரே ஒரு நிமிடம் அது தண்ணீருக்குமேல் பறந்திருந்தது.

கடல் தாண்டி வந்த குருவி ஒன்று அதன் இறக்கையில் இளைப்பாற உட்கார்ந்தது. “நீங்களும் பறப்பீர்களா?” என்று கேட்டது.

“பறந்தே காட்டியவனாயிற்றே நான்,” என்றது விமானம். அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது.

“அப்புறம் ஏன் பறக்கவில்லை?”

“அதுதான் நிரூபித்தாயிற்றே. இனி மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதுதான் என் வேலை. நீ எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்?”

“ஆயிரம் மைல் இருக்கும்.”

“அடடா, இத்தனை தூரமும் தப்பாகவே பறந்திருக்கிறாயே,” என்று விமானம் மனசார வருத்தப்பட்டது.

குருவி மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பியது. அது வானத்தில் புள்ளியாகி மறையும்வரை, “இறக்கையை அவ்வளவு அடிக்கக் கூடாது,” என்று விமானம் சொல்லிக்கொண்டே இருந்தது.