ரோஜாப்பூவின் சந்தேகம்

தையல்காரி பைகளைத் தைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டதுமே, முகப்பில் ரோஜாப்பூ படம் வைத்த யாரோ கேள்வியோடு வந்துவிடுகிறார்.

"பாருங்க அண்ணி, வார் அறுந்துடுமான்னு கேக்குது. இந்த மாசமும் விக்கலைன்னா நான் மறுபடி மில்லுக்குத்தான் போகணும். இதை பிளாக் பண்ணப் போறேன்."

"பதில் சொல்லிட்டுப் பண்ணேன். உனக்கா வாய் இல்லை?" என்றாள் புருஷனின் அக்காவான நாத்தனார்.

ரோஷத்தில் பைக்குள் நாலு செங்கல்லை வைத்துத் தூக்கிக் காட்டி வீடியோ போட்டாள் தையல்காரி. சாயங்காலத்துக்குள் எல்லாப் பைகளும் விற்றுத் தீர்ந்துவிட்டன.

"அந்த ரோஜாப்பூ யாரா இருக்கும் அண்ணி? கையெடுத்துக் கும்பிடணும்."

"கும்பிடெல்லாம் வேணாம். நாளைக்கு ஜிப்பைப் பத்திக் கேக்கப் போறேன், முதல்ல அதை மாத்து."

"நீங்களா! நேர்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, நாத்தனார் குத்தம் சொல்றான்னு சண்டைக்கு வருவே. யாரோ கேட்டாத்தானே பதில் சொல்றே!"