வேர்க்கடலை வாசம்

புளியமரத்தடியில் செந்தாமரை சரிந்து கிடந்தாள்.

அவளைச் சுற்றிப் பலாக்கொட்டையும் சக்கையும் சிதறியிருந்தன. ஊர்ப் பிள்ளைகள் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஓடியிருந்தார்கள்.

பாஞ்சாலைக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஒன்பது வயது மகள் பழத்தைத் தின்றுவிட்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி என்று சொன்ன நாளிலிருந்து செந்தாமரைக்குத் தினமும் காலையில் சர்க்கரையை இறக்கும் ஊசி. இனிப்பு ஆகாது. களியும் சோறும் அளவாக. நடுவில் பசித்தால் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, இல்லையென்றால் ஒரு வெள்ளரிப்பிஞ்சு.

அந்த அளவுச் சோற்றையும் பாஞ்சாலை பயத்தில் பாதியாக்கியிருந்தாள். இன்று காலை இரண்டு வாய் சாமைச்சோறுதான். மற்றதற்கு வேர்க்கடலையை மகளின் பாவாடை நுனியில் முடிந்து விட்டாள்.

பலாக்காலம் முடியும்வரை மகளைக் கண்ணை விட்டு அகற்றுவதில்லை என்று இருந்தவள். ஒரு குடம் தண்ணீருக்காகப் போனாள், அவ்வளவுதான்.

தூக்கிவந்து பாயில் கிடத்தினாள். மலையிலிருந்து கீழே இறங்கும் ஜீப் சாயங்காலம்தான் புதூர்நாட்டுக்கு வரும்.

மூலையில், மருந்து சூடாகாமலிருக்க வைத்த ஈரமணல் பானை. அதற்குள் மருந்துக் குப்பி. காலையில் கொதித்த ஏனத்திலேயே கிடந்த கண்ணாடி சிரிஞ்சை எடுத்து மருந்தை உறிஞ்சினாள்.

பின்னாலேயே ஓடிவந்த பக்கத்து வீட்டு மங்கம்மாள் கத்தினாள். "போடுடி சீக்கிரம்! இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

பாஞ்சாலை மகளின் தொடையைப் பிடித்தாள். பிடி வழுக்கியது.

வேர்வை. மழையில் நனைந்த மாதிரி, ஜில்லென்று.

ஊசிமுனை தோலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

குனிந்து மகளின் வாயை முகர்ந்தாள். வேர்க்கடலை வாசம் மட்டும்தான். மூடியிருந்த விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பலாப்பிசின் ஒட்டியிருக்கவில்லை.

வேர்த்து நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது ஊசி போட்டால் பிள்ளை போய்விடும். போன மாதம் நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தேன் புட்டியை எடுத்தாள். விரலில் தொட்டு மகளின் கன்னத்துக்குள் தடவினாள். மறுபடியும் தொட்டாள். மங்கம்மாள் அலறிக்கொண்டு கையைப் பிடித்து இழுத்தாள். பாஞ்சாலை உதறிவிட்டு மறுபடியும் தடவினாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ. செந்தாமரையின் இமை அசைந்தது. உதடு தேனைச் சப்பியது.

"நான் பழம் தின்னலம்மா. அதுங்கதான் தின்னுச்சிங்க."

மங்கம்மாள் மலையுச்சிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு அழுதாள். பாஞ்சாலைக்கு அழுகை வரவில்லை. தரையில் கிடந்த சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், இதே வியாதி இருந்த மூத்த மகள் பச்சையம்மாவும் இப்படித்தான் வேர்த்துக் கிடந்தாள். அன்றும் பக்கத்தில் பலாச்சக்கை. திருட்டுத்தனமாகப் பழம் தின்று செத்துப்போனாள் என்றுதான் ஊர் இன்றுவரை சொல்கிறது. பாஞ்சாலையும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

அன்று அவள் ஊசியைப் போட்டுவிட்டாள்.