பாதிச் சங்கிலி

வாலு செத்து ஒரு மாதமாகியும், அதைக் கட்டிப்போட்ட இடத்தில் புல் முளைக்கவில்லை.

தோட்டத்தின் நடுவே இரும்பு முளை. அதைச் சுற்றி, சங்கிலி எட்டிய தூரம்வரை நாய் ஓடி ஓடித் தேய்த்த வெறும் மண் வட்டம்.

ஒரு நாள் காலை அந்த வட்டம் பெரிதாகியிருந்தது.

வீட்டுக்காரரான வெல்டர், டேப் பிடித்து அளந்து பார்த்தார். முளையிலிருந்து விளிம்புக்கு முன்பைவிட இரண்டு மடங்கு தூரம். உடனே கிளம்பிப் போய், பழைய வட்டத்துக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு புல்தரை வாங்கி வந்து பதித்தார். பாதி வட்டம் மொட்டையாகவே கிடந்தது.

கணக்கு டீச்சரான மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம் ரெண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்காகும்ங்க. அதையே பாதியாக்கினா, கால்வாசிதான் மிஞ்சும்."

அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

வாலுவைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவள் அவள். விஷயம் தெரிந்தால் அவர் முகத்தில் விழிக்கவே மாட்டாள்.

இருவரும் மைத்துனர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அவளுடைய ரோஜாத் தொட்டிகளை நாய் தோண்டாமல் இருக்கட்டும் என்று சங்கிலியைப் பாதியாக வெட்டிக் கட்டியவர் அவர்தான். தண்ணீர்ச் சட்டியை வழக்கமான இடத்திலேயே வைத்தவரும் அவர்தான்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் பார்ப்பதற்குள் அதைக் கொட்டிவிட்டு, சங்கிலியை மறுபடி பற்றவைத்தார். வயதாகிவிட்டது, போய்விட்டது என்றார். அவளும் நம்பினாள்.

புல் பதித்த அன்று மாலை சட்டி தளும்பத் தண்ணீர் ஊற்றி, முளையின் காலடியிலேயே வைத்தார். குடித்துவிட்டுப் போய்விடு என்று மனதுக்குள் கெஞ்சினார்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு வாய்கூடக் குறையவில்லை. புதுப்புல் அத்தனையும் கருகியிருந்தது. பின்வாசல் படியோரச் செடிகளும் கருகியிருந்தன.

வீட்டுக்குள் புகுந்து முன்வாசலுக்கு ஓடினார். அங்கே கேட்டுவரை வெறும் மண்.

வீடு மொத்தமும் வட்டத்துக்குள்ளே இருந்தது.

திரும்பி வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. எழ முடியவில்லை. தண்ணீர் கேட்டார்.

மனைவி செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, அது எட்டாத தூரமாகப் பார்த்துச் செம்பைத் தரையில் வைத்தாள்.