வாசல் சட்டை

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் தங்கப்பழத்துக்கு வேலை, சீருடைக்குள் நிற்பது மட்டும்தான். மற்றதைச் சீருடையே பார்த்துக்கொள்ளும். சுமாரான துணியில் யார் வந்தாலும் அதன் கைகள் தாமாக நீண்டு, கழுத்தைப் பிடித்துத் தெருவில் எறியும். போன வாரம் மட்டும் ஒன்பது விலா எலும்பு.

அன்று மதியம் அவன் மனைவி பேச்சியம்மாள் சாயம்போன சேலையில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு நம்ம கல்யாண நாளுல்லா? உள்ள போயி ஒரு நெய் ரோஸ்ட் தின்னுட்டு வாரேன்."

"ஏட்டி, ஓடிரு!" என்று அவன் கத்துவதற்குள் சட்டைக் கைகள் அவள் கொண்டையைப் பற்றிவிட்டன. தன் கைகளும் அந்தச் சட்டைக்குள்ளேயே மாட்டியிருந்ததால், தங்கப்பழம் பல்லால் பொத்தான்களைப் பிய்த்து, நழுவி வெளியே விழுந்தான்.

சட்டை அவளை விட்டுவிட்டுத் திரும்பியது. ஹோட்டல் வாசலில் வெற்றுடம்போடு ஒரு ஆள்! இரண்டு பல்லையும் ஒரு தோள்மூட்டையும் கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தது. பிறகு காலரைச் சரிசெய்துகொண்டு, வாசலில் விறைப்பாக நின்றது.

சத்தம் கேட்டு வந்த மேனேஜர், ஆளில்லாத சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாக்கடையில் கிடந்த தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினார்.

"உள்ள ஆளு வேணும்னுல்லா இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தோம்! அண்ணாச்சி, நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்."