நான்காம் பந்தி

"எழுதுங்கோ, தம்பி. பெரியவன் செத்துப்போனான் எண்டு எழுதுங்கோ."

மயிலம்மா கதிரையில் இருக்கக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டார்.

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். இந்த ஒரு வசனத்துக்காக ஐந்து மாதமாக அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

வெள்ளவத்தையில், புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சட்டத்தரணி கந்தோர். கனடா, லண்டன் என்று போக நிற்கிற சனம் விடியவே வந்து படியில் வரிசை கட்டும். விண்ணப்பம் நிரப்புவதும் சத்தியக்கடதாசி தட்டுவதும் நாகேந்திரத்தின் வேலை. சட்டத்தரணி ஐயா கடைசியில் கண்ணோட்டம் விடுவதோடு சரி. உண்மை, பொய் எல்லாம் நாகேந்திரத்தின் மேசையோடு முடிந்துவிடும்.

மயிலம்மாவின் கேஸ் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. மகள் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் பண்ணியிருந்தாள். தாயும் சின்னவனும் போகவேண்டும். சின்னவனுக்கு வருகிற மாதம் பத்தொன்பது வயது. அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் அவனைத் தாயோடு சேர்த்து எடுக்கமாட்டார்கள்.

கொட்டாஞ்சேனை லொட்ஜில் தாயோடு இருந்த அந்தப் பெடியனைப் பொலிசார் ஏற்கெனவே இரண்டு தரம் சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டுபோய், விசாரித்துவிட்டு விட்டிருந்தார்கள். மூன்றாம் தரமும் விடுவார்கள் என்று யார் கண்டது?

இடையில் நின்றவன் பெரியவன். அவன் இயக்கத்தில், வன்னியில்.

பெயரை மறைக்கவும் வழியில்லை. மகள் அங்கே போன கையோடு எழுதிக்கொடுத்ததில் தனக்கு இரண்டு தம்பிமார் என்று வடிவாக எழுதிவைத்திருந்தாள். மற்றவன் எங்கே என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் சின்னவனின் பைலும் அதோடு மூடின மாதிரித்தான்.

கந்தோரில் இதற்கொரு வழக்கம் இருந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் ஷெல் விழுந்து இறந்தார், பதிவுகள் அழிந்துபோனதால் மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லை என்று தாய் சத்தியம் செய்யவேண்டும். கடதாசியில் நான்காம் பந்தி அதுதான். அந்தக் கந்தோரின் அலுமாரியில் அப்படிச் செத்துப்போனவர்கள் ஏழெட்டுப் பேர் நல்ல சுகமாக இருந்தார்கள்.

மற்றத் தாய்மார் அழுதழுதாவது ஒப்பம் வைத்தார்கள். மயிலம்மா மட்டும் மசியவில்லை. பெற்றவள் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னால் பலித்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய்விடுவார். நாகேந்திரம் சொல்லாத நியாயமில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்துவைக்கிற சனம், ஒரு பொய் சொல்லி ஒரு பிள்ளையைக் காப்பாற்றக் கூடாதோ என்றுகூடக் கேட்டுப் பார்த்தான். கல்லில் நார் உரித்த கதைதான்.

இன்றைக்கு அவராகவே வந்து சொல்லுகிறார்.

அப்பாடா, மனுசிக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று நாகேந்திரத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். மெசினில் தாளை ஏற்றி மடமடவென்று தட்டினான். நாளும் இடமும் அவனுக்குப் பாடம். ஒக்ரோபர் முப்பது, சாவகச்சேரிக்குப் போகிற வழி. அவரிடம் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

தட்டி முடித்த தாளை உருவியெடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினான். இறக்கும்போது மகனுக்கு வயது பதினெட்டு என்ற இடத்தில் மயிலம்மா தலையை நிமிர்த்தினார்.

"இருபத்தொண்டு" என்றார்.

இருபத்தொன்று இப்போதைய வயது, இது மூன்று வருசத்துக்கு முன்னால் நடந்ததாக எழுதுகிற கடதாசி, அந்தக் கணக்குக்குப் பதினெட்டுத்தான் வரும் என்று நாகேந்திரம் பொறுமையாக விளங்கப்படுத்தினான். வயது போனவர்களுக்கு இதெல்லாம் ஒரு தரம் சொன்னால் பிடிபடாது.

இனி ஒப்பம்தான் பாக்கி. அதை முன்னால் இருந்து பார்த்து உறுதிப்படுத்துகிற சமாதான நீதவான் கந்தோருக்கு வருவது புதன்கிழமைகளில். வருகிற புதன் காலமை பத்து மணிக்கு அடையாள அட்டையோடு வந்து நிற்கச் சொன்னான்.

புதன்கிழமை வர ஏலாது என்றார் மயிலம்மா. வியாழக்கிழமை நீதவானின் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்தாவது ஒப்பம் வைக்கிறேன் என்றார்.

நாகேந்திரத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஐந்து மாதம் இழுத்தடித்தது காணாதா? நீதவான் என்ன, கூப்பிட்ட நேரத்துக்கு ஒப்பம் போடுகிற ஆளா? சின்னவனின் உயிரைவிடப் பெரிதாகப் புதன்கிழமை அப்படியென்ன அலுவல் என்று கேட்டேவிட்டான்.

மயிலம்மா அழவில்லை. சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டார். அடுத்த மேசையில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, மெல்லச் சொன்னார்.

"செய்தி வந்து புதனோட எட்டு நாள், தம்பி. பெரியவனுக்குப் படைக்கவேணும்."

இந்தத் தாயிடம் ஐந்து மாதமாக நச்சரித்துக் கேட்டது என்ன என்று நாகேந்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். கையிலிருந்த தாளை இரண்டாகக் கிழிக்கப் போனான்.

மயிலம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதேங்கோ. உங்கட திகதி அப்பிடியே கிடக்கட்டும். சின்னவன் போய்ச் சேரவேணும்."